இரண்டாக வெட்டிய ஹாலிவுட் நாவல்

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவன் வாயை மூடிக் காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான்: கதையின் முடிவு.

அதையும் காப்பாற்ற விடமாட்டார்கள். "கடைசியில சேர்றாங்களா, இல்லியா, அதை மட்டும் சொல்லிடுங்க, அப்பறம் எடுத்துக்கறேன்" என்பார்கள். சொன்னால் எடுக்க மாட்டார்கள். யாருக்காவது புத்தகம் இரவல் கொடுத்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். உங்களுக்கு அது எப்போதோ ஒரு தடவை. எனக்குத் தினமும் காலை ஒன்பதிலிருந்து. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஃபேன் ஒன்று, ஸ்டூல் ஒன்று. ஸ்டூல் எனக்கு. வந்தவர்கள் நின்றால் சீக்கிரம் போவார்கள்.

இதெல்லாம் ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றியது. பழைய காலத்து ஹாலிவுட் நடிகை ஒருத்தியின் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. ஊரில் அதன் பெயரை யாரும் சொல்லவில்லை. "ஹாலிவுட்டு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

கத்தி

பார்சலைப் பிரித்ததும் எரிச்சல் வந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். இந்த மாதிரிப் புத்தகம் ஒரு வீட்டுக்குள் போனால் மழைக்காலம் முடிந்துதான் வெளியே வரும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் கத்தியை வைத்து இரண்டாக வெட்டுவது. ஒவ்வொரு பாதிக்கும் தனி அட்டை, முதுகுக்குக் காடாத்துணி, மேலே பழைய காலண்டர் தாள். ஒன்று, இரண்டு என்று நம்பர். ஒரே நேரத்தில் இரண்டு பேர் படிக்கலாம். பாவம் என்பவர்கள் தடித்த புத்தகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்கட்டும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது வசந்தா வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பக்கம் பிலோமினாம்மா வீட்டில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கார்டு. ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம். அது என் சட்டம். பிலோமினாம்மா பிரெஞ்சுப் பிரஜை. பாரிஸிலிருந்து அண்ணன் மகன் வந்து அவரைக் கூட்டிப்போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. "அவங்க போறதுக்குள்ள பெரிய கதை ஒண்ணு முழுசா படிச்சுக் காட்டிடணும்ணே, அதைக் குடுங்க" என்று கையை நீட்டினார். முதல் பாதியைக் கொடுத்தேன். கத்தியைப் பார்த்தார்.

"காலமெல்லாம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னவண்ணே நான். இவ்வளவு கூசாம வெட்டுன ஆள இப்பத்தான் பாக்கறேன்."

வரிச்சிக்குடியின் தீர்ப்பு

வசந்தா முதல் பாதியைத் திருப்பியபோது இரண்டாம் பாதி வெளியே போயிருந்தது. "வந்ததும் எனக்கு எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லிப் போனார். முதல் பாதியைக் கலியபெருமாள் எடுத்தார். வரிச்சிக்குடியில் நிலம் வைத்திருப்பவர். வண்டியை நிறுத்தும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு இறங்குவார். எனக்குப் பிடித்த ஆள்.

முதல் பாதியில் இருப்பது இதுதான். ரோவீனா என்று ஒரு ஏழைப் பெண். சினிமா ஆசையில் ஸ்டூடியோ வாசலில் நிற்கிறாள். பெயரை மாற்றுகிறார்கள், பல்லை மாற்றுகிறார்கள், தலைமுடிக்குச் சாயம் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். முதலாளி கைகாட்டின நடிகனைக் கட்டிக்கொள்கிறாள். படம் ஓடினதும் விலகுகிறாள். அடுத்த படம், அடுத்த புருஷன். மேலே மேலே போகிறாள். பாதியின் கடைசிப் பக்கத்தில் அவளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். ஊரே கை தட்டுகிறது.

கலியபெருமாள் புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது. "மூணு கல்யாணம். மூணு பேர்ல ஒருத்தனுக்காவது ஒரு வாய் சோறு போட்டாளா? எல்லாம் பேருக்காவங்க!" இரண்டாம் பாகம் இருக்கிறது, அவசரப்படாதீர் என்றேன். வண்டியை உதைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பருத்தி எடுக்கற நேரம். இவ திருந்தறதுக்கெல்லாம் நான் காத்துக் கெடக்க முடியாதுங்க."

தலையும் வாலும்

இரண்டாம் பாதியை வைத்திருந்தவர் செல்வராசு. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஏலம் இல்லை. அந்த நாட்களில்தான் அவர் படிப்பார். இது இரண்டாம் பாதி, முதல் பாதி வெளியே இருக்கிறது என்று சொன்னேன். கேட்கவில்லை. "தலை ஒருத்தர் வாங்கறாரு, நடுத்துண்டு ஒருத்தர் வாங்கறாரு. மீனுக்குக் கோவமா வருது? குடுங்கண்ணே" என்று எடுத்துப் போனார்.

உங்களுக்குச் சொல்வதில் தப்பில்லை, நீங்கள் என் கடை மெம்பர் இல்லை. இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. ரோவீனா கட்டிக்கொண்ட புருஷர்கள் எல்லாம் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டத்தான். அவள் மனசு முழுவதும் ஹானா என்பவளிடம். ஸ்டூடியோவில் உடுப்புத் தைக்கிற பெண். ஊருக்கு அவள் தையல்காரி. வீட்டுக்குள் அவள்தான் எல்லாம். வெளியே தெரிந்தால் இருவருக்கும் பிழைப்பு போய்விடும். வருஷக்கணக்கில் மறைத்து வாழ்கிறார்கள்.

ஒரு காலை கலியபெருமாளும் செல்வராசுவும் கடையில் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் ரோவீனா ஈவு இரக்கமில்லாதவள் என்கிறார். மற்றவர் அவளைப் போல் பாசக்காரி கிடையாது என்கிறார். "யாருகிட்டய்யா பாசம்?" "அதச் சொன்னா நீங்க படிக்க மாட்டீங்க பெரியவரே." "சொல்லாட்டியும் படிக்க மாட்டேன்." கை நீட்டிப் பேசினார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், எந்தக் கட்சி என்று. கடைசியில் செல்வராசு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க வித்தது ஒரே மீனு இல்ல. தலை ஒரு மீனு, வாலு வேற மீனு."

கரி விரல்

செல்வராசு திருப்பியதும் இரண்டாம் பாதியை வசந்தாவுக்கென்று எடுத்து வைத்தேன். வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடைக்காரர் அதைப் பாஸ்கருக்குக் கொடுத்துவிட்டார். சொல்லி என்ன.

பாஸ்கர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற வரும் லாரிகளை வரிசைப்படுத்துகிறவர். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படிப்பார். "காதல் கீதல் எனக்கு ஆவாது சார். சண்டை இருந்தா குடுங்க" என்று எப்போதும் சொல்வார். புத்தகத்தைத் திருப்பும்போதும் அதையே சொன்னார். "ஸ்டூடியோ முதலாளியோட மோதற எடமெல்லாம் ஏ ஒன் சார். அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசற பக்கத்தயெல்லாம் தள்ளிட்டேன்."

புரட்டிப் பார்த்தேன். சண்டைப் பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. ஹானா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ரோவீனாவின் உடுப்புக்கு முதுகில் கொக்கி மாட்டுகிறாள் என்று ஒரு இடம் வருகிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல், கரியில் முத்திரை குத்தினது போல. அதற்கடுத்த பக்கமும் அப்படியே. அப்படியே நீட்டிக் காட்டினேன். பாஸ்கர் குனிந்து பார்த்தார், சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கரித்தூளு சார் அது. காத்துல பறந்து வந்து ஒட்டிக்கும்."

ஒரே கார்டு

ஒரே கார்டு ஏன் என்று சொல்ல வேண்டும். பிலோமினாம்மாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். குடும்பம் முழுக்க பிரான்ஸுக்குப் போய்விட்டது. இவர் மட்டும் இங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். வசந்தா திருநள்ளாறு பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அந்த வீட்டு மாடியில் குடியிருக்க வந்தார். கொஞ்ச நாளில் கீழே சாப்பாடு. பிறகு மாடியை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. காய்கறிக்காரி அக்கா தங்கச்சி என்பாள். கோயில் பக்கத்தார் துணைக்கு இருக்கிற பொம்பளை என்பார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. என் வேலை புத்தகம் கொடுப்பது.

சில வருஷமாகப் பிலோமினாம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் சாயங்காலம் வசந்தா சத்தமாகப் படிப்பார், அவர் கேட்பார். ஒரு குரலுக்கு ஒரு புத்தகம் போதும்.

இரண்டாம் பாதியை வசந்தா ஆசையாகத்தான் வாங்கிப் போனார். மறுநாளே கொண்டுவந்து வைத்தார். உள்ளே அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டை எடுக்க மறந்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். குண்டூசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். 'ஊருக்கு முன்னால் நான் உனக்கு யார், சொல்' என்று ஹானா கேட்கிறாள். அந்த வரியோடு நின்றிருக்கிறது. இன்னும் புத்தகம் முழுக்க இருக்கிறதே என்றேன். வசந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் காலண்டர் அட்டையைத்தான் பார்த்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சுண்ணே. வேற எதாவது ஆன்மிகமா குடுங்க."

முடிவு சொல்வதில்லை

அடுத்த வாரம் பிலோமினாம்மாவே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் பெர்னார், அண்ணன் மகன். நல்ல பையன். இங்கே அஞ்சாம் கிளாஸ் வரை படித்துவிட்டு அங்கே போனவன். கார்டை முடித்துக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னான். "டிக்கெட் போட்டாச்சு ஐயா. அத்தைக்கு இங்க யாரு இருக்கா? அந்த நர்ஸம்மா எத்தன நாளைக்குப் பாத்துக்குவாங்க, பாவம்." எனக்கு ஒரு ஸ்டூல்தான். எழுந்து அதைப் பிலோமினாம்மாவுக்குக் கொடுத்தேன்.

உட்கார்ந்ததும் கேட்டார். "வசந்தா பாதியில நிறுத்திட்டா. தொண்டைங்கறா. தொண்டை நல்லாத்தான் இருக்கு, பால்காரர்கிட்ட கத்தறா. அந்த ரெண்டு பேரும் கடைசியில ஒரே வீட்ல இருக்காங்களா, இல்லியா? அது ஒண்ணு சொல்லுங்க சார்."

"முடிவு சொல்றதில்லைம்மா."

"கண்ணு தெரியாதவளுக்குக் கூடவா?"

"யாருக்கும்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அதைக் கேட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். வசந்தா மாடி வாடகையை எண்ணிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் எனக்கு அப்போதே தோன்றியது என்று சொல்லமாட்டேன். பழக்கதோஷம், வாய் வரவில்லை. இரண்டாம் பாதியை எடுத்து மேசையில் வைத்தேன். பிலோமினாம்மா அதைத் தடவிப் பார்த்து, அப்படியே பெர்னார் நெஞ்சில் அழுத்தினார்.

"கார்ட முடிக்க வேணாம். நீ படி. அஞ்சாங்கிளாஸ் தமிழ் போதும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தடுக்கித் தடுக்கி

அடுத்த வாரம் பெர்னார் தனியாக வந்தான். கையில் புத்தகம் இல்லை. ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன், அவன் நின்றான். மூன்று சாயங்காலம் படித்தானாம். எழுத்துக் கூட்டித்தான். "வசந்தாம்மா சமையல்கட்டுல இருந்தாங்க ஐயா. கரி ரேகை இருக்கற பக்கம் வந்தா மிக்ஸி ஓடும். அரைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம ஓடும். பக்கம் தாண்டினா நின்னுடும்."

கடைசி அத்தியாயத்தை அவன் சொன்னான். சொன்னது அவன், நான் இல்லை. ஹானாவுக்கு உடம்பு சரியில்லை. ரோவீனாவை ஏதோ ஒரு ஊரில் பெரிய விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்துவிடலாம் என்று போகிறாள். பூங்கொத்தோடு வருகிறாள். வீட்டில் ஹானா இல்லை, தையல் மெஷின் மட்டும் இருக்கிறது. "அதப் படிச்சப்ப மிக்ஸி ஓடல ஐயா. உள்ளேர்ந்து வசந்தா அத்தை வந்து கதவுகிட்ட நின்னாங்க. 'அந்தப் பக்கத்த இன்னொருதரம் படிப்பா, நிறுத்தி'ன்னாங்க. படிச்சேன். அத்தை கைய நீட்டினாங்க. எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியல, சும்மா முன்னாடி நீட்டினாங்க. வசந்தா அத்தை வந்து புடிச்சிக்கிட்டு கீழ உக்காந்துட்டாங்க. எனக்கு அங்க இருக்கக் கூடாதுன்னு பட்டுச்சு. தெருவுக்கு வந்துட்டேன்."

முந்தின வாரம் நர்ஸம்மா. இன்றைக்கு வசந்தா அத்தை. கேட்டுக்கொண்டேன். "டிக்கெட்டு?" என்றேன். "ஒண்ணுதான். எனக்கு மட்டும்." அப்பாவுக்கு இன்னும் தெரியாதாம். தங்கச்சி வருகிறாள் என்று அறை எல்லாம் ஒழித்து, கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாராம். கோபக்காரராம். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னான்.

"இப்போதைக்கு மொத பாகத்த மட்டும் சொல்லுவேன் ஐயா."

தையல்

மழை பிடிப்பதற்குள் வசந்தா வந்தார். இரண்டாம் பாதியை வைத்தார். "முதல் பாகம் எங்கண்ணே?" என்றார். அலமாரியில் இருந்தது. எடுத்து இரண்டாவதின் மேல் அவரே அடுக்கினார். ஓரத்தைத் தட்டி நேராக்கினார், ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் அடுக்குகிற மாதிரி. "சேத்துத் தைச்சுடுங்க" என்றார்.

நான் வெட்டினதை மறுபடி தைத்ததில்லை. முதுகுத்துணியைப் பிரிக்க வேண்டும், பழைய பசையைச் சுரண்ட வேண்டும், நடுவில் ஊசி ஏறாது. எல்லாவற்றையும் சொன்னேன். சிணுங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடியாகப் போய்விடும், கையில் பிடிக்க முடியாது, அந்தம்மாவுக்கு மடியில் வைத்தால் கால் வலிக்கும் என்றேன். வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்து அவர் இந்தக் கடையில் சிரித்தது இல்லை.

"கனமா இருந்தா என்னண்ணே? நாங்க ரெண்டு பேரும் இருக்கம்ல, தூக்கிக்குவோம்."

தைத்துக் கொடுத்தேன், கோணலாக. இப்போது கலியபெருமாள் வந்து அந்த ரோவீனா கடைசியில் திருந்தினாளா, அதை மட்டும் சொல்லும் என்று தினமும் நிற்கிறார், புத்தகம் மாதா கோயில் பக்கத்திலிருந்து திரும்புவதாக இல்லை, உங்களிடம் முடிவை உளறிவிட்டு அவரிடம் தொழில் தர்மம் பேசிக்கொண்டிருக்கிறேன்.